குட்டைக் குழல் ரிவால்வர்: ஐந்தாவது தோட்டாவைப் பாருங்கள்

உரிமம் பெற்று .44 ஸ்பெஷல் போன்ற பெரிய காலிபர் (குழல் துளையின் விட்டம்) ரிவால்வரை உடைக்குள் வைத்துக்கொள்கிறவர்கள் பெரும்பாலும் குழல் நீளத்தைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். ஆனால் சட்டைக்கு மேல் துருத்திக் காட்டிக்கொடுப்பது கைப்பிடிதான். ரப்பர் பிடியில் துணி ஒட்டிக்கொள்ளும். சின்ன மரப்பிடி நன்றாக மறையும், ஆனால் சுடும்போது உள்ளங்கையைப் பதம்பார்த்துவிடும். நான் ரப்பர் பக்கம்தான்.

அதைவிட முக்கியமான விஷயம் ஒன்று இருக்கிறது. எடை குறைந்த துப்பாக்கி பலமாக உதைக்கும். அந்த அதிர்ச்சியில், இன்னும் சுடாத தோட்டாக்களின் முனையில் இருக்கும் குண்டு, மருந்து அடைத்த உலோக உறையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் நகரலாம். தோட்டாக்களை வைக்கும் சுழல் உருளையான சிலிண்டரின் முன்விளிம்பைத் தாண்டி நீட்டிக்கொண்டால் சிலிண்டர் சுழலாது, அவ்வளவுதான். அதனால் நீங்கள் வழக்கமாகப் போடும் அதே வகைத் தோட்டாவைச் சுடுதளத்தில் சோதித்துவிடுங்கள். ஐந்து போட்டு நான்கைச் சுடுங்கள். ஐந்தாவதை வெளியே எடுத்து, புதிய தோட்டா ஒன்றின் பக்கத்தில் வைத்து நீளத்தை ஒப்பிடுங்கள். கண்ணுக்குத் தெரியும் அளவு நீண்டிருந்தால் வேறு வகைக்கு மாறிவிடுங்கள்.

அப்புறம், குழல் குட்டை என்பதால் உறைகளைத் தள்ளும் கம்பியும் குட்டை. காலி உறைகள் பாதியில் நின்றுவிடும். குழலை மேல்நோக்கி நிறுத்தி, கம்பியை மெதுவாக அழுத்தாமல் உள்ளங்கையால் ஒரே அடி அடியுங்கள்.

பாக்கெட்டில் வைத்தாலும் சரி, இடுப்பில் வைத்தாலும் சரி, சுடும் விசையை முழுவதும் மூடும் ஹோல்ஸ்டர் (துப்பாக்கிப் பை) கட்டாயம் வேண்டும்.