விக்லோ மலையில் ஒரு முழுநாள் நடை: நனைந்தபடி நடப்பது எப்படி

அயர்லாந்து மலைகளின் உயரத்தைப் பார்த்து யாரும் மிரள வேண்டாம். டப்ளினுக்குத் தெற்கே இருக்கும் விக்லோ மலைகளில் எல்லாவற்றுக்கும் உயரமான லக்னகில்லாவே 925 மீட்டர்தான். இங்கே ஆளைக் கவிழ்ப்பது ஈரமும் காற்றும். முதல்முறை என்னோடு வருகிறவர்கள் எல்லாரும் நனையாமல் போய்வர வழி கேட்பார்கள். அப்படி ஒரு வழி கிடையாது. நனைவீர்கள். நனைந்த பிறகும் உடம்பில் சூடு குறையாமல் சாயங்காலம் வரை நடப்பது எப்படி என்று மட்டும் யோசியுங்கள்.

நான் சிபாரிசு செய்வது 'விக்லோ வே' பாதையின் ஒரு நாள் துண்டு. 1980இல் திறந்த இந்தப் பாதைதான் அயர்லாந்தில் அடையாளக் கம்பம் நட்டுப் போட்ட முதல் நெடுநடைப் பாதை. டப்ளினின் மார்லே பார்க்கில் தொடங்கி கார்லோ மாவட்டத்தின் குளோனிகல் வரை சுமார் 130 கிலோமீட்டர் ஓடுகிறது. அதில் நாக்ரீ குன்றின் அடிவாரத்திலிருந்து ரவுண்ட்வுட் கிராமம் வரை, கடைசியில் கிராமத்துக்கு இறங்கும் தார் ரோட்டையும் சேர்த்து, 20 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். காலையில் எனிஸ்கெரி வரை பஸ், அங்கிருந்து டாக்சி. திரும்புவதற்கு ரவுண்ட்வுட் வழியாக டப்ளின் போகும் செயின்ட் கெவின்ஸ் பஸ். ஒரு நாளைக்குச் சில நடைதான் வரும். கடைசி பஸ் எப்போது என்று முந்தின நாளே பார்த்து, அதிலிருந்து பின்னோக்கி நேரம் கணக்குப் போடுங்கள்.

கணக்கு எளிது. 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், ஏறும் ஒவ்வொரு 600 மீட்டருக்கும் கூட ஒரு மணி நேரம். 1892இல் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் சொன்ன விதி இது. இந்த நடைக்கு அது ஐந்து மணி நேரத்துக்கு மேல் வரும். ஆனால் அவர் சேற்றையும் சாப்பாட்டையும் முட்டிவலியையும் கணக்கில் எடுக்கவில்லை! நான் ஐம்பதைத் தாண்டியவள், இறக்கத்தில் என் முட்டி சொல்கிறபடிதான் நடப்பேன். ஏழரை மணி நேரம் ஒதுக்குகிறேன். ஜூனில் இருட்ட இரவு பத்து மணி ஆகும், அதனால் கவலையில்லை. டிசம்பரில் நான்கு மணிக்கெல்லாம் சூரியன் போய்விடும். அந்த மாதத்தில் இந்தத் துண்டை முழுசாக நடக்க வேண்டாம்.

உடுப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கறார். ஜீன்ஸ் கூடவே கூடாது. என் அண்ணன் மகன் ஒருமுறை ஜீன்ஸில் வந்தான். பத்து மணித் தூறலில் நனைந்தது, வீட்டுக்குப் போகும்வரை காயவில்லை. பருத்தி தண்ணீரைப் பிடித்துக்கொண்டு விடாது, காற்று அடிக்க அடிக்க உடம்புச் சூட்டை உறிஞ்சும். உள்ளே கம்பளி அல்லது பாலியெஸ்டர் பனியன், அதற்கு மேல் மெல்லிய ஃபிளீஸ் (செயற்கை இழையில் செய்த கதகதப்பான சட்டை), எல்லாவற்றுக்கும் மேலே தலைமூடி வைத்த மழைக்கோட்டு. புறப்படும்போது லேசாகக் குளிர வேண்டும். குளிரவில்லை என்றால் ஒரு துணி அதிகம் என்று அர்த்தம், ஏற்றத்தில் வியர்த்து உள்ளிருந்தே நனைந்துவிடுவீர்கள். பைக்கு வெளியே மாட்டும் மழை உறையை நம்பாதீர்கள், மேலே அடிக்கிற காற்றில் அது பறந்துவிடும். பைக்கு உள்ளே கெட்டியான குப்பைப் பையை விரித்து அதற்குள் எல்லாவற்றையும் வையுங்கள். அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை ஒரு ஜோடி கம்பளி சாக்ஸ், கையுறை, குல்லாய். ஜூலை மாதமாக இருந்தாலும்தான்.

குரோன் வுட் காட்டில் முதல் ஏற்றம் முடிகிற இடத்தில் பவர்ஸ்கோர்ட் அருவி எதிரே தெரியும். 121 மீட்டர் உயரம், நாம் அதை மேலிருந்து பார்க்கிறோம். எல்லாரும் போன் எடுப்பார்கள். நீங்கள் பூட்ஸைக் கழற்றுங்கள். குதிகாலில் ஏதோ சுருசுருவென்று சூடாகத் தெரிந்தால் கொப்புளம் இன்னும் வரவில்லை, வரப்போகிறது. அந்த இடத்தைத் துணியால் துடைத்து நன்றாக உலரவிட்டு, அகலமான துணி பிளாஸ்திரியைச் சுருக்கம் விழாமல் ஒட்டுங்கள். பிளாஸ்திரியின் நான்கு முனையையும் கத்தரியால் வட்டமாக வெட்டிவிட்டால் சாக்ஸில் மாட்டி உரியாது. பிறகு சாக்ஸை இழுத்துவிட்டு, குதிகாலைப் பின்னால் தட்டி உட்காரவைத்து லேஸைக் கட்டுங்கள். ஐந்து நிமிட வேலை. 'அடுத்த நிறுத்தத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்று தள்ளிப்போட்டால் மீதி 15 கிலோமீட்டரும் நொண்டல்தான்.

வழி தவற வாய்ப்பு குறைவு. கம்பங்களில் நடக்கும் மனிதனின் மஞ்சள் உருவமும் அம்புக்குறியும் இருக்கும். ஒரு பிரிவைத் தாண்டிக் கொஞ்ச தூரம் வந்தும் அடுத்த கம்பம் கண்ணில் படவில்லை என்றால், கடைசியாகப் பார்த்த கம்பத்துக்கே திரும்புங்கள். காட்டில் மரம் வெட்டும் காலத்தில் மாற்றுப்பாதை போட்டிருப்பார்கள், அதை மீறிப் போகாதீர்கள். மேலே மேகம் இறங்கினால் இந்தப் பகுதியைக் காட்டும் 56ஆம் எண் டிஸ்கவரி மேப்பும் திசைகாட்டியும் வேண்டும். குளிரில் போன் பேட்டரி சீக்கிரம் இறங்கும். அவசரம் என்றால் 112 அல்லது 999ஐ அழைத்து 'மவுண்டன் ரெஸ்க்யூ' என்று கேளுங்கள்.

மதியச் சாப்பாடு உச்சியில் வேண்டாம். டார்கிள் ஆற்றின் மரப்பாலத்துக்கு இறங்குவீர்கள். பள்ளம் என்பதால் காற்று குறைவு. அங்கேயே சோடா பிரெட்டும் செடார் சீஸும் சாப்பிட்டு, பிளாஸ்க் டீயைக் குடித்து, உடம்பு ஆறுவதற்குள் எழுந்துவிடுங்கள். எதிரே நிற்கிற ஏற்றம் தானாகச் சூடேற்றும்.

பாதை ஜவுஸ் மலையின் உச்சிக்குப் போகாமல் அதன் தோளைச் சுற்றி ஒயிட் ஹில்லுக்கு வரும். 630 மீட்டர், மொத்த விக்லோ வேயிலும் இதுதான் உயரமான இடம். இங்கே காலடியில் இருப்பது கரிநிலச் சதுப்பு, பஞ்சு மாதிரி தண்ணீரைக் குடித்து வைத்திருக்கும். அது மிதிபட்டுக் கரையாமலிருக்கப் பழைய ரயில்வே ஸ்லீப்பர் கட்டைகளை இரண்டிரண்டாகப் போட்டு, வழுக்காமலிருக்கக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். வலை கிழிந்த இடத்தில் மழை நாளில் கட்டை சோப்புதான். ஊன்றுகோலைக் கையில் தூக்கிக்கொள்ளுங்கள், இரண்டு கட்டைக்கு நடுவில் முனை சிக்கினால் ஆள் முன்னால் போய்விடுவார். எதிரே ஆள் வந்தால் சதுப்பில் இறங்காமல், கட்டையிலேயே ஒதுங்கி வழிவிடுங்கள்.

இறங்கும் வழியில் இந்தப் பாதைக்காகப் பாடுபட்ட ஜே. பி. மலோனின் நினைவுக்கல். 1989இல் காலமானார். கீழே கறுத்த தண்ணீரும் வெள்ளை மணல் கரையுமாக டே ஏரி. கல்லருகே உட்கார்ந்து அதைக் கொஞ்ச நேரம் பார்க்கலாம், தகும்.

பாதையின் பல பகுதிகள் தனியார் நிலத்தில், அவர்கள் அனுமதியில் போகின்றன. கேட் மூடியிருந்தால் மூடிவிட்டுப் போங்கள், திறந்திருந்தால் அப்படியே விடுங்கள். ஆடுகளைக் கிளப்பாதீர்கள். பெரணிப் புதருக்குள் பாம்பு இருக்குமோ என்று நமக்கு ஒரு பயம் இருக்குமே, அது வேண்டாம், இந்த நாட்டில் பாம்பே கிடையாது. உண்ணி உண்டு. லைம் நோய் அதனால்தான் வருகிறது. முழுக்கால் பேன்ட் போட்டு, அதன் முனையைச் சாக்ஸுக்குள் செருகுங்கள்.

ரவுண்ட்வுட்டில் பஸ் வருவதற்கு முன் உலர்ந்த சாக்ஸுக்கு மாறிவிடுங்கள். வீடு வந்து குளிக்கும்போது முட்டிக்குப் பின்புறம், இடுப்பு, அக்குள் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் முனை மெல்லிய சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக மேலே இழுக்கவும், திருகவோ நசுக்கவோ கூடாது. பூட்ஸுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், நனைந்ததும் தாளை மாற்றுங்கள். அவசரப்பட்டு ரேடியேட்டர் மேல் வைத்தால் தோல் வெடித்துவிடும்.