ஷேர்டு பிரிண்டர்ல யாரு பிரிண்ட் எடுக்கலாம்னு டெர்மினல்லயே செட் பண்றது எப்படி

ஆபீஸ்லயோ காலேஜ்லயோ ஒரு லினக்ஸ் மெஷினை பிரிண்ட் சர்வரா வச்சு நாலஞ்சு நெட்வொர்க் பிரிண்டரை எல்லாருக்கும் ஷேர் பண்ணி விட்டா, கொஞ்ச நாள்லயே கலர் பிரிண்டர்ல பஞ்சாயத்து ஆரம்பிச்சிடும். டோனர் தீந்துபோச்சு, யாரு எடுத்தாங்கன்னு தெரியல, அக்கவுண்ட்ஸ் ரூம்ல இருக்க பிரிண்டர்ல யாரோ பையனோட ப்ராஜெக்ட்டை எடுத்துட்டுப் போயிருக்காங்க. இதுக்கு தனியா சாஃப்ட்வேர் எதுவும் வாங்க வேண்டாம், லினக்ஸ்ல பிரிண்டிங்கை பாத்துக்குற கப்ஸ்லயே எல்லாம் இருக்கு. மேக்லயும் 2002லேர்ந்து இதே கப்ஸ்தான் ஓடுது, அதனால பிரிண்டர் கமாண்டுங்க அங்கயும் அப்படியே வேலை செய்யும், யூசர் க்ரூப் உருவாக்குற கமாண்ட் மட்டும் வேற.

கமாண்டை எல்லாம் தமிழ் எழுத்துல போட்டிருக்கேன், டெர்மினல்ல இங்கிலீஷ்ல அடிங்க. பெரிய எழுத்துன்னு நான் சொல்ற இடத்தைத் தவிர எல்லாமே சின்ன எழுத்துதான்.

முதல்ல இப்ப என்ன நிலைமைன்னு பாருங்க.

எல்பிஸ்டாட் -எல் -பி கலர்

-பிங்கறது பிரிண்டரோட முதல் எழுத்து. கலர்ங்கறது இங்க பிரிண்டர் க்யூவோட பேரு, உங்க பிரிண்டருக்கு என்ன பேரு வச்சிருக்கீங்களோ அதைப் போடுங்க. வர்ற அவுட்புட்ல யூசர்ஸ் அலவ்டுன்னு ஒரு வரி இருக்கும், அதுக்குக் கீழ ஆல்னு இருந்தா ஊர்ல இருக்க எல்லாருக்கும் திறந்து கிடக்குதுன்னு அர்த்தம்.

அடுத்து க்ரூப். தனித்தனியா ஆள் பேரைப் போட்டும் பர்மிஷன் குடுக்கலாம், ஆனா நான் எப்பவும் க்ரூப்தான் சொல்வேன், ஏன்னு கீழ புரியும்.

சூடோ க்ரூப்ஆட் அக்கவுண்ட்ஸ்

சூடோ யூசர்மாட் -ஏஜி அக்கவுண்ட்ஸ் செல்வி

இதுல ஏ சின்ன எழுத்து, ஜி பெரிய எழுத்து. அந்த ஏ-வை விட்டுட்டு ஜி மட்டும் போட்டீங்கன்னா, அந்த யூசர் ஏற்கனவே இருந்த மத்த க்ரூப் எல்லாத்துலேர்ந்தும் வெளிய போயிடுவாங்க, சூடோ பவரும் (அட்மினா கமாண்ட் ஓட்டுற உரிமை) அதோட சேந்து போயிடும், ரொம்ப கவனம். இன்னொன்னு, க்ரூப்பை கப்ஸ் சர்வர்லதான் தேடும், செல்வியோட சொந்த மெஷின்ல இல்ல, அதனால செல்விங்கற யூசர் சர்வர்லயும் இருக்கணும். சர்வர் ஏற்கனவே எல்லா யூசரையும் ஒரே இடத்துல வச்சிருக்க எல்டாப்லயோ ஆக்டிவ் டைரக்டரிலயோ ஜாயின் ஆகியிருந்தா அங்க இருக்க க்ரூப்பையே எடுத்துக்கலாம்.

இப்ப முக்கியமான கமாண்ட்.

சூடோ எல்பிஅட்மின் -பி கலர் -யூ அலவ்:@அக்கவுண்ட்ஸ்

முன்னாடி அட் சிம்பல் இருந்தா க்ரூப், இல்லன்னா தனி ஆள். அலவ்:@அக்கவுண்ட்ஸ்,மேனேஜர்னு கமா போட்டு கலந்தும் குடுக்கலாம், நடுவுல ஸ்பேஸ் வரக்கூடாது. சிலரை மட்டும் தடுக்கணும்னா அலவுக்கு பதிலா டினை போடுங்க, மறுபடி எல்லாருக்கும் திறக்கணும்னா அலவ்:ஆல். இங்கதான் நிறைய பேர் குழம்புறாங்க: இந்த கமாண்ட் பழைய லிஸ்டோட சேக்காது, பழசை அழிச்சிட்டு புதுசா எழுதும். பத்து பேர் இருக்க லிஸ்ட்ல பதினோராவது ஆளை சேக்கணும்னா பதினோரு பேரையும் திரும்ப அடிக்கணும், ஒரு பேரை விட்டாலும் அவங்க ஜாப், அதாவது அவங்க அனுப்புற பிரிண்ட், நின்னுடும். அதே மாதிரி ஒரு பிரிண்டர்ல அலவ் லிஸ்ட், டினை லிஸ்ட் ரெண்டும் ஒண்ணா நிக்காது, கடைசியா எதைப் போட்டீங்களோ அதுதான். க்ரூப்பா வச்சிருந்தா இந்தத் தொல்லையே இல்ல, புது ஆள் வந்தா க்ரூப்ல சேத்துட்டு பிரிண்டர் பக்கமே போக வேண்டாம்.

டெஸ்ட் பண்றதுக்கு, க்ரூப்ல இல்லாத ஒரு யூசரா எல்பி -டி கலர்னு (டி, டெஸ்டினேஷனோட முதல் எழுத்து) போட்டு ஏதாவது ஒரு ஃபைலை அனுப்புங்க, நாட் அலவ்டு டு பிரிண்ட்னு திருப்பி அனுப்பணும்.

இதோட முடிஞ்சதுன்னு நிறைய பேர் விட்டுடறாங்க, ஆனா முடியல. டீஃபால்ட்டா கப்ஸ் க்ளையண்ட் மெஷின் சொல்ற யூசர் பேரை அப்படியே நம்பும், வாசல்ல வாட்ச்மேன் பேரைக் கேட்டு சொன்ன பேரை நோட்ல எழுதிக்கிட்டு உள்ள விடுற மாதிரிதான். எல்பி கமாண்ட்ல பெரிய எழுத்து யூ போட்டு மேனேஜர்னு குடுத்தா யாரு வேணா மேனேஜர் பேர்ல பிரிண்ட் எடுத்துட்டுப் போலாம். அதனால பாஸ்வேர்டு கேக்க வைக்கணும்.

சூடோ எல்பிஅட்மின் -பி கலர் -ஓ பிரிண்டர்-ஓபி-பாலிசி=ஆதென்டிகேட்டட்

நடுவுல வர்றது ஓ, பி ரெண்டே எழுத்து. இந்த ஆதென்டிகேட்டட் பாலிசி கப்ஸோட செட்டிங்ஸ் இருக்க கப்ஸ்டி டாட் கான்ஃப் ஃபைல்லயே ரெடியா வரும், உங்க சர்வர்ல யாராவது அதை அழிச்சிருக்காங்களான்னு மட்டும் க்ரெப் கமாண்டால ஒரு தடவை தேடிப் பாத்துக்கோங்க. சர்வர்ல இருக்க யூசரோட பாஸ்வேர்டுதான் கேக்கும், அதனால பாஸ்வேர்டு செட் பண்ணிருக்கணும். பாஸ்வேர்டை மறைச்சு அனுப்புற டீஃபால்ட் என்க்ரிப்ஷன்ங்கற செட்டிங் ரிக்வையர்டுலயே இருக்கட்டும், எரர் வருதுன்னு நெவர்னு மாத்தினா பாஸ்வேர்டு நெட்வொர்க்ல வெளிப்படையா போகும். சில க்ளையண்ட்ல பாஸ்வேர்டு பாக்ஸே வராம ஜாப் க்யூல தொங்கிட்டு நிக்கும், அதனால மொத்த ஆபீஸுக்கும் ஒரே நாள்ல போடாம ஒரு லினக்ஸ், ஒரு விண்டோஸ் மெஷின்ல முதல்ல பாத்துட்டு அப்புறம் மாத்துங்க.

இன்னொரு ஓட்டை இருக்கு, என்னைக் கேட்டா இதுதான் பெருசு. நெட்வொர்க் பிரிண்டருக்குன்னு சொந்த ஐபி இருக்கு, அதோட 9100, 631, 515 போர்ட்ல நேரடியாவே ஜாப் வாங்கும். ஐபி தெரிஞ்ச யாரும் தன் லேப்டாப்ல அதை நேரா ஆட் பண்ணிக்கிட்டா சர்வர்ல நீங்க போட்ட எந்த பர்மிஷனும் அவங்களைத் தொடாது. பிரிண்டரோட வெப் பேஜ்ல போயி சர்வரோட ஐபிலேர்ந்து வர்ற ஜாபை மட்டும் வாங்குற மாதிரி ஆக்சஸ் லிஸ்ட் போடுங்க, அந்த வசதி இல்லாத பிரிண்டர்னா தனி வீலேன்ல, அதாவது நெட்வொர்க்ல தனியா பிரிச்ச பகுதில வச்சு ஃபயர்வால்ல அடைங்க. இது பண்ணலன்னா மேல சொன்னதெல்லாம் பேருக்குத்தான்.

ஆளைத் தடுக்க வேண்டாம், அளவு மட்டும் போதும்னா கோட்டா இருக்கு.

சூடோ எல்பிஅட்மின் -பி கலர் -ஓ ஜாப்-கோட்டா-பீரியட்=604800 -ஓ ஜாப்-பேஜ்-லிமிட்=100

604800ங்கறது ஒரு வாரத்தோட செகண்ட் கணக்கு, ஆக வாரத்துக்கு ஒருத்தருக்கு 100 பக்கம். ரெண்டையும் சேத்துப் போட்டாதான் வேலை செய்யும். ஆளுக்கு ஒரு அளவு வைக்க முடியாது, அந்த பிரிண்டர்ல எல்லாருக்கும் ஒரே கணக்குதான். டிரைவர் இல்லாம ஃபைலை அப்படியே பிரிண்டருக்குத் தள்ளுற ரா க்யூவா இருந்தா பக்க எண்ணிக்கையை நம்ப முடியாது.

அப்புறம் அட்மின் பவர். உபுண்டு, டெபியன்ல எல்பிஅட்மின்ங்கற பேர்லயே ஒரு க்ரூப் இருக்கு, அதுல இருக்கவங்க பிரிண்டரை சேக்கலாம், அழிக்கலாம், மத்தவங்க ஜாபையும் கேன்சல் பண்ணலாம். ஃபெடோரால வீல் க்ரூப்ல இருக்கவங்களுக்கு அந்த பவர். எந்தெந்த க்ரூப்னு கப்ஸ்-ஃபைல்ஸ் டாட் கான்ஃப்ல சிஸ்டம்க்ரூப் வரில இருக்கும். பேப்பர் ஜாம் ஆனா ஜாபைக் கேன்சல் பண்ணட்டும்னு ஆபீஸ்ல பாதிப் பேரை இதுல சேத்துடாதீங்க, அவங்கவங்க ஜாபை அவங்கவங்களே கேன்சல் பண்ணிக்க இந்த க்ரூப் தேவையே இல்ல.

நீங்க போட்ட அலவ், டினை எல்லாம் ஈடிசி கப்ஸ் ஃபோல்டர்ல பிரிண்டர்ஸ் டாட் கான்ஃப்ங்கற ஃபைல்ல அலவ்யூசர், டினையூசர்னு வரிவரியா உக்காந்திருக்கும். படிச்சுப் பாக்கலாம், ஆனா சர்வீஸ் ஓடும்போது கையால எடிட் பண்ணாதீங்க, கப்ஸ் தன்கிட்ட இருக்கறதை மேல எழுதிடும். மாத்தணும்னா எல்பிஅட்மின் வழியாவே மாத்துங்க, எல்லாம் சரியா ஓட ஆரம்பிச்சதும் அந்த ஃபோல்டரை மொத்தமா ஒரு காப்பி எடுத்து வேற மெஷின்ல வச்சிடுங்க.