நான்கு முனை ஸ்பீக்கர்: ஒயரை எங்கே மாட்டுவது, தகட்டை எப்போது கழற்றுவது

ஸ்பீக்கரின் பின்புறம் இரண்டு சிவப்பு, இரண்டு கருப்பு என நான்கு திருகு முனைகள் இருந்தால், வழக்கமாக மேல் ஜோடி கீச்சொலி (ட்ரெபிள்) தரும் ட்வீட்டருக்கு, கீழ் ஜோடி தாழ்ந்த ஒலி (பாஸ்) தரும் வூஃபருக்கு. சிவப்பு இரண்டையும் ஒரு சிறிய உலோகத் தகடு இணைத்திருக்கும். கருப்பு இரண்டையும் இன்னொன்று. இவைதான் ஜம்பர்கள். ஒயரைக் கையில் எடுக்கும் முன் இவை இருக்க வேண்டுமா, கழற்ற வேண்டுமா என்று முடிவுசெய்யுங்கள். வரும் சிக்கல்களில் பெரும்பாலானவை இந்தத் தகட்டில்தான் தொடங்குகின்றன.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஸ்பீக்கருக்கு ஒரே ஒயர் வருகிறதா? தகடுகள் அப்படியே இருக்கட்டும். மேல் ஜோடி, கீழ் ஜோடி எதில் வேண்டுமானாலும் மாட்டலாம். தகட்டைக் கழற்றிவிட்டு ஒரு ஜோடியில் மட்டும் மாட்டினால் பாதி ஸ்பீக்கர்தான் பாடும்: மேலே மாட்டினால் பாஸ் இருக்காது, கீழே மாட்டினால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல் மங்கும். தகடு தளர்ந்திருந்தாலும் இதே கோளாறுதான். ட்வீட்டர் செத்துவிட்டது என்று முடிவுகட்டும் முன் திருகுகளை ஒருமுறை இறுக்கிப் பாருங்கள்.

ஒயர் முழுச் செம்பாக இருக்கட்டும். செம்பு பூசிய அலுமினிய ஒயருக்கு அதே பருமனில் மின்தடை கூடுதல். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 5, 6 மீட்டர் தூரம்வரை 1.5 சதுர மி.மீ. போதும். தூரம் 10 மீட்டரைத் தாண்டினாலோ ஸ்பீக்கர் 4 ஓம் ஆனாலோ 2.5 எடுங்கள்.

வேலையைத் தொடங்கும்போது ஆம்ப்ளிஃபயரை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிடுங்கள். ஒயர் நுனியில் 10 முதல் 12 மி.மீ. தோலுரித்து, இழைகளை முறுக்குங்கள். திருகைத் தளர்த்தினால் தண்டில் ஒரு துளை தெரியும். அதில் நுழைத்துக் கையால் இறுக்குங்கள். குறடு வேண்டாம், தண்டே சுழன்று உள்ளே சாலிடர் விட்டுப்போகும். பிளாஸ்டிக் தோல் திருகுக்கடியில் சிக்கினால் தொடர்பு கிடைக்காது. ஒரே ஓர் இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட். ஆம்ப்ளிஃபயர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும், பாதுகாப்புச் சுற்று இல்லாவிட்டால் எரிந்தே போகலாம். இந்தத் தொல்லை வேண்டாமென்றால் ஒயர் நுனியில் பொருத்தும் 4 மி.மீ. பனானா பிளக் நல்லது. அது நுழையும், திருகின் முகப்பிலுள்ள துளையை ஒரு பிளாஸ்டிக் மூடி அடைத்திருந்தால் முதலில் அதை நெம்பி எடுங்கள்.

சிவப்புக்குச் சிவப்பு, கருப்புக்குக் கருப்பு. ஒரு ஸ்பீக்கரில் மட்டும் மாறிப்போனால் எதுவும் கெடாது. ஆனால் பாஸ் வற்றிவிடும், நடுவில் நிற்க வேண்டிய குரல் அறை முழுக்கச் சிதறும். சந்தேகமிருந்தால், ஒயரின் ஆம்ப்ளிஃபயர் முனையைக் கழற்றி, சிவப்பில் இருந்தது + பக்கம் வரும்படி 1.5 வோல்ட் பேட்டரியில் ஒரு நொடி தொட்டு எடுங்கள். இரண்டு ஸ்பீக்கரிலும் வூஃபர் ஒரே திசையில் அசைய வேண்டும்.

பை-வயர் என்பது ஒரே ஆம்ப்ளிஃபயர் முனையிலிருந்து இரண்டு ஒயர்களை இழுத்து, ஒன்றை மேல் ஜோடியிலும் மற்றதைக் கீழ் ஜோடியிலும் மாட்டுவது. இதற்குத் தகடுகளைக் கழற்ற வேண்டும். மறந்து விட்டுவிட்டாலும் ஆபத்தில்லை, இரண்டு ஒயரும் சேர்ந்து ஒரு தடித்த ஒயராகிவிடும், அவ்வளவுதான். இதில் கேட்கும்படியான வித்தியாசத்தை அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். அந்தச் செலவில் ஒரே ஒயரைப் பருமனாக வாங்கலாம்.

பை-ஆம்ப் அப்படியல்ல. மேலுக்கு ஒரு ஆம்ப்ளிஃபயர் சேனல், கீழுக்கு இன்னொன்று. இங்கே தகட்டைக் கழற்றாவிட்டால் இரண்டு சேனல்களின் வெளியீடும் நேருக்கு நேர் இணைந்து, இரண்டுமே பழுதாகலாம். இரண்டு ஸ்பீக்கரிலும் உள்ள நான்கு தகடுகளையும் எடுத்து மேசைமேல் வைத்து எண்ணிய பிறகே பிளக்கைச் செருகுங்கள். ஹோம் தியேட்டர் ரிசீவர் என்றால், ஸ்பீக்கர் அமைப்புப் பட்டியலில் பை-ஆம்ப் என்பதைத் தேர்ந்தெடுத்தால்தான் பின்பக்கச் சேனல்கள் முன் ஸ்பீக்கருக்குத் திரும்பும். வேறு வேறு ஆம்ப்ளிஃபயர்களைச் சேர்ப்பவர்கள், இரண்டின் கெய்னும் (ஒலியைப் பெருக்கும் அளவு) ஒன்றா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் பாஸ், ட்ரெபிள் இரண்டில் ஒன்று மற்றதைவிட எப்போதும் ஓங்கி ஒலிக்கும்.

கழற்றிய தகடுகளை ஓர் உறையில் போட்டு ஸ்பீக்கரின் முதுகிலேயே ஒட்டிவையுங்கள். தொலைந்துவிட்டால், அதே ஸ்பீக்கர் ஒயரில் 10 செ.மீ. வெட்டி இரு முனையும் தோலுரித்து மாட்டினாலே வேலை நடக்கும்.