எல்.இ.டி.யில் பிளாங்க் மாறிலி

நாகர்கோவிலில் பி.எஸ்சி. மாணவர்களுக்குக் குவாண்டம் இயற்பியலை நான் கரும்பலகையில் தொடங்குவதில்லை. சிவப்பு, பச்சை, நீல எல்.இ.டி.களைக் கையில் கொடுத்து, ஒளியின் அதிர்வெண்ணை அதன் ஆற்றலோடு இணைக்கும் எண்ணான பிளாங்க் மாறிலியை அளக்கச் சொல்வேன். வெள்ளை வேண்டாம், அது பாஸ்பர் என்ற ஒளிரும் பொருள் பூசிய நீலம்தான்.

9 வோல்ட் பேட்டரி, குமிழைத் திருப்பி வோல்ட்டைக் கூட்டிக் குறைக்க 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டர், எல்.இ.டி.யோடு தொடராக 1 கிலோ ஓம் மின்தடை. மல்டிமீட்டரை எல்.இ.டி.யின் இரு கால்களில் மட்டும் வையுங்கள். மின்தடையையும் சேர்த்து அளப்பதுதான் பலரும் செய்யும் தவறு.

சரி, இனி எல்.இ.டி.யைக் கறுப்புத் தாள் குழாய்க்குள் செருகி, ஒரு கண்ணால் பார்த்தபடி குமிழை மெல்லத் திருப்ப வேண்டும். "மக்ளே, அவசரப்படாதே" என்று பக்கத்திலேயே நிற்பேன். இருட்டில் ஊசிமுனை அளவு சிவப்பு தெரியும் அந்த நொடியில் மீட்டரைப் படிக்கணும். சிவப்புக்கு சுமார் 1.8 வோல்ட், நீலத்துக்கு 2.6. நிறம் மாறினால் வோல்ட் ஏன் கூடுகிறது என்று அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகத்தான் இத்தனை பாடும்.

எலக்ட்ரான் மின்னூட்டம், வோல்ட், அலைநீளம் மூன்றையும் பெருக்கி ஒளி வேகத்தால் வகுத்தால், 630 நானோமீட்டர் சிவப்புக்குப் பிளாங்க் மாறிலி 6.05 × 10⁻³⁴ ஜூல் நொடி என்று வரும். உண்மை மதிப்பு 6.626. அப்புறம் அதிர்வெண்ணுக்கு எதிராக வோல்ட்டை வரைந்து, சாய்வு எடுத்து, அதை எலக்ட்ரான் மின்னூட்டத்தால் பெருக்கச் சொல்லுங்கள். எல்லா நிறத்துக்கும் பொதுவான பிழை அதில் கழிந்துவிடும்.