மின் பகிர்மானக் கழகத்தின் கணக்கைக் கேட்டுப் பெறுவது எப்படி?

தமிழ்நாட்டில் மின் கட்டணம் உயரும் ஒவ்வொரு முறையும் அதற்குக் காரணமாகச் சொல்லப்படுவது நஷ்டம். அந்த நஷ்டத்தின் கணக்கைப் பார்க்கும் உரிமை மின் இணைப்பு வைத்திருக்கும் எல்லோருக்கும் உண்டு. கம்பெனிகள் சட்டம் 2013, மின்சாரச் சட்டம் 2003, தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005 ஆகிய மூன்றும் வெவ்வேறு கணக்குகளை வெளியே கொண்டுவருகின்றன. எந்தக் கணக்கு எந்தச் சட்டத்தின்கீழ் கிடைக்கும் என்று பார்க்காமல் மனு எழுதுவதால்தான் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள்.

முதலில் நிறுவனத்தின் பெயரைச் சரியாக எழுத வேண்டும். நாம் இன்னமும் 'ஈ.பி.' என்று அழைக்கும் மின்சார வாரியம் 1957 இல் தொடங்கப்பட்டு, 2010 நவம்பர் 1 முதல் கம்பெனிகளாக மாற்றப்பட்டது. உற்பத்தியையும் பகிர்மானத்தையும் சேர்த்து நடத்திய டான்ஜெட்கோ, 2024 இல் பகிர்மானம், உற்பத்தி, பசுமை எரிசக்தி என மூன்று கழகங்களாகப் பிரிந்தது. இங்கே 'கழகம்' என்று நான் சொல்வது இவற்றில் பகிர்மானக் கழகத்தை. ஆகவே பிரிவினைக்கு முந்தைய ஆண்டின் நஷ்டத்தையும் பிந்தைய ஆண்டின் நஷ்டத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தவறான முடிவுக்கே வருவோம்.

அரசு நிறுவனம் என்பதால் இதன் தணிக்கையாளரை நியமிப்பவர் சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தணிக்கைத் துறைத் தலைவர். கம்பெனிகள் சட்டத்தின் 139(5) ஆம் பிரிவு அப்படித்தான் சொல்கிறது. 143(6) இன்படி அவரே துணைத் தணிக்கை நடத்தித் தம் கருத்துகளையும் இணைக்கலாம். ஆண்டறிக்கை அந்தக் கருத்துகளோடு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும் என்பது 395 ஆம் பிரிவு. ஆண்டறிக்கை கைக்கு வந்ததும் இலாப நட்டக் கணக்குக்குப் போகாமல், தணிக்கையாளரின் அறிக்கையையும் சி.ஏ.ஜி.யின் கருத்துகளையும் முதலில் படியுங்கள். எந்தச் செலவு குறைத்துக் காட்டப்பட்டது, எந்த வரவு உறுதியில்லாமல் சேர்க்கப்பட்டது என்பதெல்லாம் தொகையோடு இருக்கும் இடம் அதுதான்.

அடுத்தது மின்சார ஒழுங்குமுறை ஆணையம். கட்டணத்தை மாற்றக் கோரும் மனுவின் சுருக்கத்தைக் கழகம் வெளியிட வேண்டும் என்றும், மக்களின் ஆட்சேபங்களைப் பரிசீலித்து 120 நாள்களுக்குள் ஆணையம் உத்தரவிட வேண்டும் என்றும் மின்சாரச் சட்டத்தின் 64 ஆம் பிரிவு விதிக்கிறது. மனு நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு நீளும் என்றாலும், மின் கொள்முதல் செலவு, கடன் வட்டி, வருவாய்க்கும் செலவுக்கும் இடையிலான பற்றாக்குறை ஆகிய மூன்று வரிகளைக் குறித்துக்கொண்டு, அதே ஆண்டின் தணிக்கை செய்த கணக்கோடு ஒப்பிட்டாலே எழுத வேண்டிய ஆட்சேபம் பெரும்பாலும் கிடைத்துவிடும். 'கட்டணத்தை உயர்த்தாதீர்கள்' என்ற வரிக்கு ஆணையம் பொதுவாகப் பதில் சொல்லிவிட்டுப் போகலாம். அட்டவணை எண்ணையும் வேறுபாட்டுத் தொகையையும் காட்டிக் கேட்ட கேள்வியை அப்படிக் கடந்து போவது எளிதல்ல. 2022 செப்டம்பரில் வந்த உத்தரவு 2026-27 வரையிலான ஆண்டுகளுக்கானது என்பதையும், நுகர்வோர் விலைக் குறியீட்டை ஒட்டி 6 சதவீத உச்சவரம்புக்குள் ஆண்டுதோறும் கட்டணம் உயர அதுவே வழிவகுத்தது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நான் அதிகம் வலியுறுத்த விரும்புவது மானியக் கணக்கை. வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசம். ஆனால் அந்த 100 யூனிட்டையும் கழகம் செலவு செய்துதான் தருகிறது. அதற்கான தொகையை மாநில அரசு முன்கூட்டியே செலுத்த வேண்டும் என்கிறது 65 ஆம் பிரிவு. செலுத்தாவிட்டால் மானியம் தரும் உத்தரவே செல்லாது, ஆணையம் நிர்ணயித்த முழுக் கட்டணமே நடைமுறைக்கு வரும் என்றும் அதே பிரிவு சேர்த்துச் சொல்கிறது. எவ்வளவு மானியம் கோரப்பட்டது, எவ்வளவு வந்தது, பாக்கி எவ்வளவு என்பதைக் காலாண்டு முடிந்த 30 நாள்களுக்குள் கழகம் அறிக்கையாகத் தர வேண்டும், ஆணையம் அதை ஆராய்ந்து மேலும் 30 நாள்களுக்குள் வெளியிட வேண்டும் என்று 2023 இல் மத்திய அரசு விதியும் கொண்டுவந்தது. கேட்க வேண்டிய ஆவணம் இதுதான். விவசாய இணைப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு மீட்டர் இல்லை. பம்புசெட்டின் குதிரைத்திறனை வைத்தே நுகர்வு மதிப்பிடப்படுகிறது. எனவே அந்த மானியத் தொகையோடு, மதிப்பிட்ட முறையையும் சேர்த்துக் கேளுங்கள்.

இந்த இரண்டு வழியிலும் கிடைக்காததற்குத்தான் தகவல் அறியும் உரிமைச் சட்டம். நான் முதன்முதலில் எழுதிய மனுவில் 'கழகத்துக்கு ஏன் இவ்வளவு நஷ்டம்?' என்று கேட்டிருந்தேன். அது தகவல் அல்ல, விளக்கம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அலுவலகத்தில் உள்ள ஆவணத்தைத்தான் கேட்க முடியும் என்பதால், அடுத்த மனுவை இப்படி எழுதினேன்: '2022-23 நிதியாண்டில் குறுகிய கால ஒப்பந்தங்களின்கீழ் வாங்கிய மின்சாரத்தின் அளவு, யூனிட் விலை, செலுத்திய தொகை ஆகியவற்றைக் காட்டும் மாதாந்திரப் பதிவேட்டின் நகலை வழங்கவும்.' ஓர் ஆண்டு, ஒரு பொருள், ஒரு பதிவேடு என்று கேள்வி குறுகக் குறுக, மறுப்பதற்கான இடமும் குறைகிறது. வணிக இரகசியம் என்று 8(1)(டி) பிரிவைக் காட்டி மறுத்தால், பெரும் பொதுநலன் இருக்கும்போது அத்தகவலையும் தரலாம் என்று அதே பிரிவு சொல்வதை மேல்முறையீட்டில் எடுத்துக்காட்டுங்கள்.

மனுவில் 10 ரூபாய்க்கான நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு விரைவுத் தபாலில் அனுப்பி, சேர்ப்பித்ததற்கான சான்றையும் கேட்டு வாங்குங்கள். மனு அவர் கைக்குப் போன நாளிலிருந்து 30 நாள் கெடு. பதில் வராவிட்டாலும் திருப்தி தராவிட்டாலும் அடுத்த 30 நாள்களுக்குள் முதல் மேல்முறையீடு. அதன் முடிவிலும் குறை இருந்தால் 90 நாள்களுக்குள் மாநிலத் தகவல் ஆணையத்தில் இரண்டாம் மேல்முறையீடு. கெடு தாண்டி வரும் தகவலுக்கு நகல் கட்டணம் வாங்கக் கூடாது என்பது 7(6) ஆம் பிரிவு. தேதியை மெய்ப்பிக்க அந்தத் தபால் சான்று தேவைப்படும் என்பதால், மனுவின் நகலோடு அதையும் கோப்பில் வைத்திருங்கள்.