சின்னப் பிள்ளைகளோடு உயிரியல் பூங்காவுக்கு: முதல் முறை போகிறவர்களுக்கான செய்முறை

முதல் முறை போனபோது, வரைபடத்தில் இருந்த எல்லாக் கூண்டுகளையும் பார்த்தே தீர்வது என்று கிளம்பினோம். மூன்று மணி நேர நடைக்குப் பிறகு சிங்கத்தின் முன் போய் நின்றபோது, நான்கு வயது மகன் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தான். சிங்கமும் தூங்கிக்கொண்டிருந்தது. அதற்கடுத்த முறைகளில் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

1. ஐந்து விலங்குகளைத் தேர்ந்தெடுங்கள்

போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே பிள்ளையை அருகில் உட்காரவைத்து, பார்க்க விரும்பும் ஐந்து விலங்குகளைச் சொல்லச் சொல்லுங்கள். ஐந்துக்கு மேல் வேண்டாம். வழியில் தட்டுப்படுகிறவை எல்லாம் உபரி லாபம். அப்படியே பூங்காவின் வார விடுமுறை நாளையும், விலங்குகளுக்கு உணவு கொடுக்கும் நேரத்தையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். உணவு நேரத்தில் போனால் சோம்பேறிச் சிங்கம்கூட எழுந்து நிற்கும். மற்ற நேரத்தில் அதை நம்ப முடியாது. ஒரு நாளில் 20 மணி நேரம் வரை ஓய்வெடுக்கிற விலங்கு அது.

2. பையைச் சுருக்குங்கள்

தண்ணீர், தொப்பி, கொறிக்க ஏதாவது, மாற்றுடை ஒன்று, ஈரத்துணி. இவை போதும். மூன்று வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் தள்ளுவண்டி கட்டாயம் வேண்டும். “அவள் நன்றாக நடப்பாள்” என்று வீட்டில் சொல்கிறவர்தான் பிற்பகலில் அவளைத் தூக்கிச் சுமப்பார்.

3. கதவு திறக்கும்போதே நுழைந்து, கோடிக்குப் போங்கள்

வெயில் ஏறுவதற்கு முன்பு பெரும்பாலான விலங்குகள் நடமாடிக்கொண்டிருக்கும். பிள்ளைகளும் அழாமல் இருப்பார்கள். நுழைவாயிலை ஒட்டிய கூண்டுகளில்தான் எல்லோரும் கூடுவார்கள். நீங்கள் அவற்றைக் கடந்து, பட்டியலில் உள்ளவற்றில் எது தொலைவில் இருக்கிறதோ அதிலிருந்து தொடங்கித் திரும்பி வாருங்கள். கால் வலிக்கத் தொடங்கும் நேரத்தில் வாசல் பக்கத்தில் இருப்பீர்கள்.

4. ஒரே இடத்தில் நில்லுங்கள்

இந்தப் படிதான் கடினம். “அதோ பார், புலி!” என்று காட்டிவிட்டு அடுத்த கூண்டுக்கு நகர்கிறவர்களாகவே நாம் இருக்கிறோம். பத்து நிமிடம் நின்று பாருங்கள். சும்மா நிற்கச் சொன்னால் எந்தப் பிள்ளையும் நிற்காது, ஆகவே ஒவ்வொரு விலங்கிடமும் ஒரு தேடலைக் கொடுங்கள். புலி திரும்பினால் அதன் காதின் பின்புறத்தில் வெள்ளைப் பொட்டு தெரிகிறதா? யானையின் தும்பிக்கை நுனியில் விரல் போன்ற பகுதி ஒன்றா, இரண்டா? ஒன்று என்றால் ஆசிய யானை, இரண்டு என்றால் ஆப்பிரிக்க யானை. ஒட்டகச்சிவிங்கி நாக்கை நீட்டும்வரை காத்திருங்கள். சுமார் 45 சென்டிமீட்டர் நீளத்தில், மையில் தோய்த்தெடுத்த நிறத்தில் இருக்கும். முதலை அசையாமல் வாயைத் திறந்து கிடந்தால் அது கோபம் அல்ல, பெரும்பாலும் உடற்சூட்டைத் தணிக்கிற வழி. பூநாரைக் கூட்டத்தில் சாம்பல் நிறக் குஞ்சு இருக்கிறதா என்று தேடச் சொல்லுங்கள். இளஞ்சிவப்பு அவற்றுக்குப் பிறவி நிறம் அல்ல. தின்னும் பாசியிலிருந்தும் சிற்றுயிர்களிலிருந்தும் மெல்ல மெல்ல ஏறுவது.

எறும்பு வரிசையைப் பார்த்து உட்கார்ந்துவிட்டாலும் இழுக்காதீர்கள். டிக்கெட் காசு வீணாகிறதே என்று மனம் அடித்துக்கொள்ளும். அடித்துக்கொள்ளட்டும்.

5. பாதுகாப்பு

காலையில் உள்ளே நுழைந்ததும் பிள்ளையை ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். காணாமல் போனால் அன்றைக்கு என்ன நிறச் சட்டை என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது. உங்கள் தொலைபேசி எண்ணை அதன் கையில் பேனாவால் எழுதிவிடுங்கள். படத்துக்காகக்கூடத் தடுப்புச் சுவரின் மேல் பிள்ளையை உட்காரவைக்கக் கூடாது. கண்ணாடியைத் தட்டுவதும் பிளாஷ் அடிப்பதும் வேண்டாம்.

குரங்குகள் சுற்றித் திரியும் இடத்தில் தின்பண்டம் பையை விட்டு வெளியே வரக் கூடாது. குரங்கைப் பார்த்துப் பல் தெரியச் சிரிக்க வேண்டாம் என்றும் சொல்லிக்கொடுங்கள். பல குரங்கினங்களில் பல்லைக் காட்டுவது பயத்தையோ மிரட்டலையோ குறிக்கும். வாகன சஃபாரி இருந்தால், கண்ணாடி மேலேயே இருக்கட்டும். பின் கதவின் குழந்தைப் பூட்டைக் கிளம்பும் முன் பார்த்துவிடுங்கள்.

6. தொட்டுப் பார்க்கும் இடம்

ஆடு, முயல் போன்றவற்றைத் தொட அனுமதிக்கும் பகுதிக்குள் தின்பண்டம், பால்புட்டி, சூப்பான் எதையும் கொண்டுபோகாதீர்கள். நலமாகத் தெரியும் விலங்கின் உடலிலும் நோய்க்கிருமிகள் இருக்கலாம். ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களை அவை கடுமையாகத் தாக்கக்கூடும். வெளியே வந்ததும் சோப்பும் தண்ணீரும் கொண்டு கை கழுவ வையுங்கள். சானிடைசர் எல்லாக் கிருமிகளையும் கொல்வதில்லை, சோப்பு கிடைக்காத இடத்தில் மட்டும் அது.

7. சிரித்துக்கொண்டிருக்கும்போதே கிளம்புங்கள்

பட்டியலில் நான்குதான் முடிந்திருக்கிறது, பிள்ளை கண்ணைக் கசக்கத் தொடங்கிவிட்டது என்றால் ஐந்தாவதை விட்டுவிடுங்கள். வெளியேறும் வழி பெரும்பாலும் பொம்மைக் கடை வழியாகத்தான் போகும். என்ன வாங்கலாம், எவ்வளவு வாங்கலாம் என்பதைக் காலையிலேயே பேசி முடித்துவிடுங்கள். அப்படிப் பேசி முடித்த நாளில்தான் எங்கள் வீட்டுக்கு மூன்றடி நீளப் பஞ்சு முதலை ஒன்று வந்து சேர்ந்தது.