திசைகாட்டி முள்ளில் தொடங்குங்கள்

பாலக்கோட்டில் என் மாலை வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘ஒருங்கிணைந்த கோட்பாடு’ பற்றி, அதாவது இயற்கையின் விசைகளையெல்லாம் ஒரே விளக்கத்தில் சேர்க்கும் முயற்சி பற்றிச் சொல்ல, முதலில் ஒரு திசைகாட்டியைத்தான் எடுத்து வைப்பேன். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

மர மேசை வேண்டும். ஒருமுறை இரும்பு மேசையில் வைத்தேன், முள் வடக்கையே காட்டவில்லை. முள் அசையாமல் நின்றதும், அதற்கு நேர் மேலே, அதே வடக்கு தெற்கு வாக்கில் ஒரு செம்புக் கம்பியைப் பிடியுங்கள். கம்பியின் இரு முனைகளையும் டார்ச் பேட்டரியில் இரண்டே விநாடி தொடுங்கள். அதற்கு மேல் போனால் சுடும். முள் சட்டென்று விலகும். பேட்டரியைத் திருப்பிப் பிடித்தால் எதிர்ப்பக்கம் விலகும். 1820இல் டென்மார்க் விஞ்ஞானி ஓர்ஸ்டெட் கண்டது இதைத்தான். 1865இல் இயற்பியலாளர் மேக்ஸ்வெல் மின்சாரத்தையும் காந்தத்தையும் ஒரே கோட்பாட்டில் சேர்த்தார். இங்கே அவசரமே வேண்டாம், ஒவ்வொரு பிள்ளையும் செய்து பார்க்கட்டும்.

மின்காந்த விசையோடு, சில அணுக்கருக்களைச் சிதைய வைக்கும் வலிமை குறைந்த விசையையும் இணைத்த கிளாஷோ, சலாம், வெயின்பெர்க் மூவரும் 1979இல் நோபல் பெற்றார்கள். இதைச் சொன்னால் போதும்.

அப்புறம் ஒரு குண்டூசியைச் சின்னக் காந்தத்தால் தூக்குங்கள். மொத்த பூமியும் கீழே இழுக்கிறது, ஆனாலும் ஊசி மேலே வருகிறது! ஈர்ப்பு அவ்வளவு மெலிந்த விசை. ஐன்ஸ்டைன் 1955இல் இறக்கும்வரை அதை மின்காந்தத்தோடு சேர்க்க முயன்றார். இன்னும் யாருக்கும் கைகூடவில்லை.

“அப்ப நான் சேர்க்கலாமா சார்?” என்றாள் ஒரு எட்டாம் வகுப்புப் பெண்.

“தாராளமா சேர்த்துப் பாரும்மா” என்றேன்.